நீர்வீழ்ச்சிக்குக் கொண்டுபோன கடதாசிகள்

லண்டனுக்குப் போகமுதல் குகனேசன் தாயிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு நீர்வீழ்ச்சி பார்க்க வேண்டும்.

பத்மாவதி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. மாணவர் விசா கிடைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு விமானம். அதுவரைக்கும் இருக்கிற ஆறு நாளையும் கொழும்பு வெள்ளவத்தையின் இந்த மாடி அறைக்குள்ளேயே கழித்துவிட்டால் போதும் என்று அவள் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

"தண்ணிதானே. என்ன பாக்கக் கிடக்கு?"

"விழுற தண்ணி அம்மா. நான் கிணத்துத் தண்ணியும் கடல் தண்ணியும்தான் கண்டிருக்கிறன்."

அது உண்மை. யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. ஆறு என்று பேருக்கு ஒன்று, மாரியில் மட்டும். இவனோ உயர்தரத்தில் புவியியலுக்கு ஏ எடுத்தவன். மகாவலியின் கிளையாறுகளை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வான். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. படிக்கப் போகிற இடத்தில் யாராவது உங்கள் நாட்டு மலை எப்படி என்று கேட்டால் பரீட்சைக்கு எழுதின விடையையா சொல்வது என்று கேட்டான். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

வீட்டுக்காரி சரோஜினிதேவி வேண்டாம் என்றாள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடித்து மலைநாட்டிலும் சோதனை இறுகியிருந்தது. பத்மாவதி அதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஐந்து மாதமாக, பொலிஸ் பிடித்துவிடும் என்று பிள்ளையை யன்னலோரம்கூட நிற்க விட்டதில்லை. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகவில்லை. இனி அவனுக்குக் கொடுக்க அவளிடம் வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

கடைசியில் சரோஜினிதேவியே வான் ஒழுங்கு பண்ணிக் கொடுத்தாள். ஓட்டுவது கொட்டாஞ்சேனை நிலாம். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. வழியில் எந்தச் சென்றியில் மறித்தாலும் பேசிச் சமாளிப்பான் என்றாள். வெள்ளிக்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை. அன்றைக்குச் சனத்தோடு சனமாகப் போய்வரலாம்.

கடதாசிகள் எல்லாம் பத்மாவதியிடம்தான் இருக்கும். மகனுடைய ஐசி என்கிற அடையாள அட்டை, தன்னுடைய ஐசி, கொழும்பில் தங்கியிருக்க இரண்டு பேருக்கும் பொலிஸ் தந்த பதிவுத் துண்டு, தெற்கே வர வவுனியாவில் தந்த பாஸ், அவனுடைய பிறப்புச் சான்றிதழ், இப்போது கடவுச்சீட்டும் விமானச் சீட்டும். எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, றப்பர் பட்டியால் கட்டி, கைப்பைக்குள் வைத்திருப்பாள். சந்தைக்குப் போனாலும் பை கூடப் போகும். குளிக்கப் போனாலும் போகும். குகனேசன் ஒருமுறை ஐசியைத் தொலைத்து, புதியது எடுக்க எட்டு மாதம் அலைந்தார்கள். அதற்குப் பிறகு அவன் கையில் அவள் எதையும் கொடுத்ததில்லை. எங்கே போனாலும் இரண்டு பேருமாகத்தான் போனார்கள். ஆகவே அது ஒரு குறையாகத் தெரியவுமில்லை.

வழியில் நாலு இடத்தில் மறித்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் அவள் கட்டை அவிழ்த்து மகனுடைய ஐசியையும் துண்டையும் எடுத்து நீட்டினாள். அதைத்தான் கேட்டார்கள். ஐம்பத்திரண்டு வயது மனுசியின் கடதாசியை யாரும் கேட்கவில்லை.

கலுகல் நீர்வீழ்ச்சிக்கு ஏறுகிற இடத்தில் வான் நின்றபோது பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. நிலாம் தொப்பியை எடுத்தான். கீழே டவுணில் பள்ளிவாசல் இருக்கிறது, ஜும்மா முடித்து ஒன்றரைக்குள் திரும்பிவிடுவேன் என்று முதலிலேயே பேசியிருந்தான்.

"நான் பெய்த்து வாரன் அம்மா. மகன மேல அனுப்ப வாணாம். நான் வந்த பொறகு சேர்ந்து போவம். செல்லிட்டன்."

"ஓம் தம்பி. நாங்கள் இதிலைதான் இருப்பம்."

பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. தகரக் கூரை, இருக்க இரண்டு வாங்கு. றோஸி என்கிற தோட்டத்துப் பெண் நடத்தினாள். அவித்த சோளமும் வடையும் இருந்தன. கடைக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் படி வெட்டின பாதை, நீர் விழுகிற தடாகத்துக்கு இறங்குகிறது. வலப்பக்கம் ஒற்றையடிப்பாதை. தேயிலைக்கு நடுவே ஏறி, பைன் காட்டுக்குள் நுழைந்து, நீர்வீழ்ச்சியின் தலைக்குப் போகிறது. கடையில் இருந்து பார்த்தால் நீர்வீழ்ச்சி தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது. பெருமழை ஒன்று மலைக்குப் பின்னால் நின்று பெய்வதைப் போல.

அரை மணித்தியாலம் இருந்தார்கள். குடும்பம் குடும்பமாகச் சிங்களச் சனம் ஏறிக்கொண்டிருந்தது. சோற்றுப் பார்சல், துவாய், கைக்குழந்தை. இறங்கி வந்தவர்கள் நனைந்த தலையோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். குகனேசன் எழும்பினான், இருந்தான், எழும்பினான். மேலே ஏறுகிற பாதையின் முதல் வளைவைக் காட்டினான்.

"அந்த வளைவு மட்டும் போட்டு வாறன் அம்மா. அதிலை நிண்டு பாத்திட்டு ஓடி வாறன்."

அவளுக்கு முழங்காலில் வாதம். கூடப் போக முடியாது. சின்னப் பெண் பிள்ளைகள்கூட ஏறுகிற பாதை. வளைவு கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

"கெதியா வா," என்றாள்.

அட்டை கடிக்கும் என்று றோஸி ஒரு துண்டுச் சவர்க்காரம் கொடுத்தாள். அவன் காலில் தேய்த்துக்கொண்டு ஓடினான். பத்மாவதி பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் அவன் அவளைவிட்டுத் தனியே போனது அதுதான் முதல் தடவை. ஐசி தன் மடியில் இருப்பது அவள் நினைவுக்கு வரவேயில்லை.

அவன் வளைவில் நிற்கவில்லை. திரும்பி ஒருமுறை கை காட்டிவிட்டு மறைந்தான்.

ஒரு மணியாயிற்று. ஒன்றேகால் ஆயிற்று. மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் கடையில் நின்று றோஸியோடு கதைத்தது. றோஸி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, தலைப்புல பொலிஸ் காவல் இருக்குங்க. தண்ணிய மறிச்சுக் கரண்டுக்குக் கொண்டுபோற எடம். அங்கன ஒரு தமிழ்ப் பையனப் புடிச்சு ஒக்கார வச்சிருக்காங்களாம். ஐசி கையில இல்லையாம்."

அப்போதுதான் பத்மாவதி மடியைப் பார்த்தாள்.

றோஸி கடையை அப்படியே விட்டுவிட்டு அவளோடு ஏறினாள். பாதை கொஞ்ச தூரம் தேயிலைச் செடிகளுக்குள் போனது. பிறகு பைன் மரங்கள் வந்தன. கீழே ஊசியிலை மெத்தை மாதிரிக் கிடந்து வழுக்கியது. கல்லில் கால் வைத்து, வேரைப் பிடித்து, அடுத்த கல்லில் கால் வைத்து ஏறினாள். முழங்கால் வலித்ததா என்று பின்னால் கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. ஓரிடத்தில் காடு திறந்தது. இரும்புக் கம்பி அடைத்த ஒரு பாறை மேடை. அதில் சனம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. கறுத்த பாறையில் வெள்ளையாக ஏதோ விழுந்துகொண்டிருந்ததைக் கடைக்கண்ணால் கண்டாள். தூவானம் முகத்தில் அடித்தது. கடதாசிகள் நனைந்துவிடும் என்று பையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

காவல் இடம் என்பது ஒரு தகரக் கொட்டில். அடுக்கிய மணல் மூட்டை. இரண்டு கொன்ஸ்டபிள்மாரும் நரைத்த மீசை சார்ஜன்ட் ஒருவரும் இருந்தார்கள். குகனேசனைக் கொட்டிலுக்குள் சுவரைப் பார்த்து இருத்தியிருந்தார்கள். தலை நனைந்திருந்தது. சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. அடித்த அடையாளம் இல்லை. அவள் குரல் கேட்டுத் திரும்பினான். பயந்துதான் இருந்தான். ஆனாலும் அந்தப் பயத்துக்குக் கீழே முகத்தில் வேறொன்றும் இருந்தது. அவள் பல வருடமாகக் காணாதது.

"பாத்தனீங்களே அம்மா?" என்றான்.

அவள் நேரே மேசைக்குப் போனாள். கட்டை அவிழ்த்தாள். அவசரத்தில் றப்பர் பட்டி தெறித்து எங்கோ விழுந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். ஐசி, துண்டு, பாஸ், கடவுச்சீட்டு, விமானச் சீட்டு. தன்னுடையவையும் அதோடு சேர்ந்து விழுந்தன. விசா வைத்திருக்கிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நாட்டைவிட்டே போகிற பிள்ளை, இவனால் யாருக்கு என்ன கெடுதல் என்பது அவளுடைய எண்ணம். அதை றோஸியிடம் சொன்னாள். றோஸி சிங்களத்தில் சொன்னாள்.

சார்ஜன்ட் கடவுச்சீட்டை எடுத்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். றோஸி தயங்கினாள்.

"நீர்வீழ்ச்சி பாக்க வர்றவங்க பாஸ்போட்டு கொண்டாருவாங்களானு கேக்குறாரு அம்மா."

கேள்வி நியாயமானது என்று பத்மாவதிக்கே பட்டது. மேலே நின்ற இத்தனை சனத்தில் யார் பையிலும் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. தோசைக்கல்லும் கெரசின் அடுப்பும் இருக்கிற அறையில், வாரத்துக்கு ஒருமுறை பொலிஸ் வந்து கொட்டிப் பார்க்கிற பெட்டிக்குள், இவற்றை எப்படி வைத்துவிட்டு வருவது?

"வேறை எங்கை வைக்கிறது எண்டு கேள் பிள்ளை," என்றாள்.

றோஸி அதைச் சொன்னாளோ, பதமாக மாற்றிச் சொன்னாளோ. சார்ஜன்ட் கடவுச்சீட்டை மூடி வைத்தார். பிறகு மேசையில் கிடந்தவற்றைச் சீட்டுக்கட்டுப் போல ஒழுங்காக அடுக்கினார். மகனுடையதை ஒரு பக்கம், தாயுடையதை ஒரு பக்கம். மகனுடையதில் ஒரு பிழையும் இல்லை. தாயுடைய துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கொன்ஸ்டபிளிடம் காட்டினார்.

அவளுடைய பதிவு முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

அவளால் நம்ப முடியவில்லை. பிறகு மெல்ல ஞாபகம் வந்தது. மூன்று மாதம் முடிந்து நீட்டிக்கப் போன அன்று, காலையிலிருந்து வரிசையில் நின்று, மகனுடையதை முதலில் நீட்டினாள். அதை முத்திரை குத்திக் கொடுத்ததும் யன்னலைச் சாத்திவிட்டார்கள். தன்னுடையதை ஒரு கிழமைக்கு மட்டும் என்று ஒருவர் கிறுக்கிக் கொடுத்து, வந்து புதுப்பிக்கச் சொன்னார். அடுத்த கிழமை விசா நேர்முகம். அதற்கு அடுத்தது மருத்துவச் சோதனை. அதற்குப் பிறகு அவள் தன் துண்டை எடுத்துப் பார்க்கவில்லை.

நாலு பேருமாக அதே பாதையால் இறங்கினார்கள். சார்ஜன்ட் முன்னால் போனார். வழுக்கிற இடத்தில் நின்று கை கொடுத்தார். அவள் பிடிக்கவில்லை. குகனேசன் பின்னால் இருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

கடைவாசலில் நிலாம் நின்றான். தொப்பி இன்னும் தலையில் இருந்தது. பார்த்ததுமே விளங்கிக்கொண்டான். சார்ஜன்டை அண்ணன் முறையாக அய்யே என்று கூப்பிட்டு வானில் முன் சீற்றில் ஏற்றினான். டவுண் பொலிஸ் நிலையம் வரைக்கும் நிறுத்தாமல் கதைத்தான். இடையில் சார்ஜன்ட் ஒருமுறை சிரிக்கவும் செய்தார். பத்மாவதிக்கு அந்தச் சிரிப்பு நம்பிக்கையைத் தந்தது.

நிலையத்துக்குப் பொறுப்பான பெரியவர் இல்லை. போயா. கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார்கள். பதிவுப் புத்தகம் பார்க்கிற ஆளும் இல்லை. திங்கட்கிழமைதான் வருவார். நிலாம் உள்ளே போனான், வெளியே வந்தான், மறுபடி உள்ளே போனான். கடைசியில் வந்து வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். மகனைப் போகச் சொல்லிவிட்டார்கள். டிக்கட்டைப் பார்த்துத்தான் சார்ஜன்ட் மனம் இரங்கினார். ஆனால் அம்மாவை விட முடியாது. கொழும்பிலிருந்து உறுதிப்படுத்தும்வரை இருக்க வேண்டும். பொம்பிளைக் கொன்ஸ்டபிள் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அறையில் படுக்கலாம்.

"பெரியவர் வந்தா மனசு மாறும் அம்மா. இப்பவே மகனக் கூட்டிட்டுப் போறன். சொணங்க வாணாம்."

குகனேசன் கேட்டுக்கொண்டு நின்றான்.

"நான் போகேல்லை," என்றான்.

அவள் நிதானமாகத்தான் தொடங்கினாள். செவ்வாய்க்கிழமைக்குள் போய்ப் பதியாவிட்டால் கொலிஜில் இடம் இல்லை. இடம் இல்லாவிட்டால் விசா இல்லை. அவனுடைய அக்கா லண்டனில் இரண்டு வேலை செய்து கட்டின காசு. தன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள். திங்கட்கிழமை விட்டுவிடுவார்கள். எல்லாம் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

"அடுத்த வருசம் பாப்பம். உங்களை இங்கை விட்டிட்டு நான் பிளேன் ஏறுறதே?"

"நீ நிண்டு என்ன செய்யப்போறாய்? ஒரு சொல்லுச் சிங்களம் தெரியுமே உனக்கு?"

"தெரியாட்டில் என்ன. பக்கத்திலை இருப்பன்."

அவன் வாங்கில் இருந்துவிட்டான். இரண்டு கையாலும் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொள்வது இப்படித்தான். அப்போது நல்ல வார்த்தை சொல்லித்தான் எழுப்ப வேண்டும். இப்போது நல்ல வார்த்தை சொன்னால் அவன் அசைய மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. நிலாம் மணிக்கூட்டைப் பார்த்தான். வெளியே ஜீப் சத்தம் ஒன்று கேட்டு, நிலையத்தைத் தாண்டிப் போனது.

"எனக்கு அலுத்துப்போச்சு, தம்பி," என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"உன்னைக் காவல் காத்துக் காத்து அலுத்துப்போச்சு. ஐஞ்சு மாசமா நான் ஒரு நாள் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை. ஒரு மனுசரோடை சிரிச்சுக் கதைக்கேல்லை. நீ போனால்தான் எனக்கு நிம்மதி. என்னைக் கொஞ்சம் ஆறவிடு. போ."

ஒரு பொய்யைத்தான் தேடினாள். நாக்கில் முதலில் வந்தது இது. எங்கும் தடக்குப்படாமல், நெடுநாள் சொல்லிப் பழகினதைப் போல வந்தது.

நிலாம் சுவரில் இருந்த அறிவித்தலைப் படிக்கத் தொடங்கினான்.

குகனேசன் அவளையே பார்த்தான். பொய் என்றால் அவனுக்குத் தெரியும். சீனி முடிந்ததை மறைத்துத் தனக்கு வெறும் தேத்தண்ணிதான் பிடிக்கும் என்று அவள் சொல்கிறபோதெல்லாம் கண்டுபிடித்துவிடுகிறவன். வெகுநேரம் பார்த்தான். பிறகு வாங்கை விட்டான்.

சார்ஜன்ட் தந்த கடதாசிகளை அவள் பிரித்தாள். அவனுடையவற்றை எடுத்து, பொலித்தீன் பையில் போட்டு, அவன் கையில் கொடுத்தாள். அவளிடம் ஐசியும் காலம் முடிந்த துண்டும் மிஞ்சின. அவன் பையைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் திணித்தான். பக்கத்துக் கடைக்குப் போனாலும், போய்த் திரும்புவதாக, போட்டு வாறன் என்று சொல்கிற பிள்ளை.

"போறன்," என்றான்.

வான் நிலையத்து வளவால் திரும்பி வீதியில் ஏறியது. அவன் பின் கண்ணாடியால் பார்க்கிறானா என்று அவள் எட்டிப் பார்த்தாள். வெயில் கண்ணாடியில் பட்டு ஒன்றும் தெரியவில்லை.

பொம்பிளைக் கொன்ஸ்டபிள் நல்லவள். சோறு தந்தாள், பாய் தந்தாள். சனிக்கிழமை முழுவதும் மழை. பத்மாவதி யாரோடும் கதைக்கவில்லை. கதைக்க ஆளும் இல்லை. பாதி நேரம் வாங்கில் இருந்தாள். அவன் நம்பிவிட்டான் என்று நினைத்தாள். நம்ப வேண்டும் என்றுதானே சொன்னது. நம்பாவிட்டால் போயிருக்க மாட்டான். கண்டுபிடிக்கிறவன் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று யோசிக்கத் தொடங்கி, அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள். திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு சார்ஜன்ட் வந்து ரெலிபோனைக் காட்டினார். அவள் வெள்ளவத்தை நம்பரைச் சுழற்றினாள். சரோஜினிதேவிதான் எடுத்தாள். போயிட்டான் என்றாள். நிலாம் எயார்போட் வாசல் மட்டும் கொண்டுபோய் விட்டிட்டு இப்பத்தான் வந்து சொல்லிப்போட்டுப் போனவன். வாசல் சோதனையில் பத்து நிமிடம் கேள்வி கேட்டுப் பிறகு விட்டுவிட்டார்களாம். பிளேன் நேரத்துக்கு எழும்பினதை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தானாம். நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், நாளைக்கு என்னுடைய தமையன் லோயரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

பத்மாவதி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். பிறகு கேட்டாள்.

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவனே?"

மறுமுனையில் வீதியில் பஸ் ஹோர்ன் அடிப்பது கேட்டது.

"சாப்பிட்டவன்," என்றாள் சரோஜினிதேவி. "ரெண்டு நாளும் வடிவாச் சாப்பிட்டவன்."

அவள் ரெலிபோனை வைத்தாள். சார்ஜன்ட் மேசைக்கு அப்பால் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்க ஆள் இல்லை. அவர் கையை விமானம் போலச் சரித்து மேலே உயர்த்தி, மெதுவாகக் கேட்டார்.

"புத்தா கியாத?"

மகன் போய்விட்டானா என்கிறார். அது அவளுக்கு விளங்கியது.

"கியா," என்றாள்.